நிற்பதற்கு அறுநூற்று எண்பத்தெட்டு வெள்ளி

சனிக்கிழமை, பகல் மூன்று மணி. சிரம்பானில் என் வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்தேன். காசிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய் வந்தவர்கள் எழுதுகிற இந்தப் பயணப் பக்கத்தில் நான் நீலாய்க்குப் போய் வந்ததை எழுதுகிறேன். மந்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாலும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வராது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த முப்பது கிலோமீட்டருக்குள் ஓடி ஓடித்தான் இன்று பதினொரு லாரிக்கு நான் சொந்தக்காரன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ரப்பர்ப் பால் ஏற்றும் லாரியில் ஓட்டுநருக்கு எடுபிடியாக ஏறினேன். இறங்கும்போது அந்த லாரி என் பேரில் இருந்தது. எங்கே போனாலும் இதைச் சொல்வேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

போனது ஒரு ராக் கச்சேரிக்கு. நாலு பேர் கொண்ட மலாய்க் குழு. எண்பதுகளில் தோளுக்குக் கீழே முடி வளர்த்து, காலை இறுக்கிப் பிடிக்கும் சிலுவார் போட்டுக்கொண்டு பாடியவர்கள். இப்போது நாலு பேருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களாம். குழுவின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் விளம்பரமாகிவிடும், விளம்பரத்துக்கு எனக்கு எவனும் காசு தரவில்லை.

ஆசை என்னுடையது அல்ல, என் மனைவி சரோஜாவுடையது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ரொக்கையா என்ற மலாய்ப் பெண். இரண்டு பேரும் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு, மேற்பார்வையாளர் வைத்திருந்த வானொலியில் இந்தக் குழுவின் பாட்டைக் கேட்பார்கள். அப்போது ஒரு கேசட் பத்து வெள்ளிக்குக் கிட்ட. அது அவர்களுடைய ஒரு நாள் கூலிக்கும் மேலே. அதனால் பாதிப் பாதி போட்டு வாங்கி, ஒரு வாரம் இவள் வீட்டில், மறு வாரம் அவள் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். முதலில் கடையில் பார்த்தவள் வாங்கிவிட வேண்டும், மற்றவள் பாதியைக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் அவர்களுக்குள் பேச்சு. அந்தக் குழுவை நேரில், ரொக்கையாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தடவை கேட்க வேண்டும் என்பது சரோஜாவின் ஆசை. என்னிடம் வேறு எதையும் இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. வளையல்கூட நானாக வாங்கிக் கொடுத்ததுதான்.

டிக்கெட் நாலு விலையில் இருந்தது. மேல்மாடம் 98 வெள்ளி. அதற்குக் கீழே 198. மேடைக்கு எதிரே 388. மேடையை ஒட்டி 688, அதற்கு ராக் ஸோன் என்று பெயர். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சேவைக் கட்டணம் நாலு வெள்ளி தனி. என் அலுவலகக் கிராணி மலர்விழிதான் கணினியில் வரிசை பிடித்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வாங்கினாள். இதில் அவர்கள் செய்த சேவை என்ன என்று கேட்டேன். "நம்மள காக்க வச்சாங்கள்ல முதலாளி, அதான்" என்றாள்.

நான் 688இல் இரண்டு வாங்கச் சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அதிகம் நன்கொடை கொடுப்பவருக்கு முன்வரிசை நாற்காலி. வெள்ளைத் துணி போர்த்தி, பின்னால் ரிப்பன் முடிச்சுப் போட்டிருக்கும். உட்கார்ந்ததும் மாலை வரும், பிறகு தண்ணீர்ப் புட்டி வரும். இருபது வருஷமாக அந்த நாற்காலியில் உட்காருகிறவன் நான். அப்படியானால் 688 வெள்ளிக்கு நாற்காலி எப்படி இருக்கும்? சரோஜாவுக்குப் போன வருஷம் இடது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. காலை நீட்டி உட்கார சோபாவே போட்டிருப்பார்கள் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். ரொக்கையா வேறு இடத்தில் உட்காருவாள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. வெளியே வந்ததும் பேசிக்கொள்ளப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றரை மணிக்கு மந்தின் மலை வளைவுகளில் ஏறினோம். இப்போது எல்லோரும் நெடுஞ்சாலையில் போகிறார்கள். நான் பழைய சாலையை விடுவதில்லை. நிறையப் பாலை ஏற்றிக்கொண்டு, பிரேக்கை நம்பாமல் கியரை நம்பி இறங்கிய வளைவுகள் இவை. ஒவ்வொரு வளைவையும் சரோஜாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். முன்பும் சொல்லியிருக்கிறேன்போல. மடியில் பருப்பு வடைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வளைவுலதான் சீனன் லாரி கவுந்திச்சு" என்று எனக்கு முன்னால் அவளே சொன்னாள்.

மந்தினில் ரொக்கையா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கணவர் போன பிறகு காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்றுத் தனியாக வாழ்கிறவள். முக்காட்டுக்குக் கீழே கறுப்பு டீ-சட்டை, அதில் அந்த நாலு பேரின் பழைய படம். கையில் இன்னொரு சட்டை வைத்திருந்தாள். காருக்குள் ஏறியதும் அதைச் சரோஜாவிடம் கொடுக்க, சரோஜா பஞ்சாபி சூட்டுக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டாள். அறுபதை எட்டும் இரண்டு பெண்கள் பின் இருக்கையில் ஒரே சட்டையில் உட்கார்ந்து வடை தின்றார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

கூடவே ஐனா என்ற பெண்ணும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொக்கையாவின் அண்டை வீட்டுப் பெண், நீலாயில் தாதிமைப் படிப்புப் படிக்கிறாள். அவள் எதற்கு வருகிறாள் என்று பேச்சுக் கொடுத்தபோதுதான் ஒரு செய்தி தெரிந்தது. டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்றே ரொக்கையா மேல்மாடத்தில் இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறாள், அடுத்தடுத்த இருக்கை. பழைய வழக்கம்போலச் சரோஜாவைக் கேட்கவில்லை. வாங்கிவிட்டு ஆசையாகப் போன் செய்திருக்கிறாள். அதே நாள் காலையில் நான் 688இல் இரண்டு வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சரோஜாவிடம் கொடுத்திருந்தேன். சரோஜா என்ன செய்வாள்? ரொக்கையாவே, முன்னால் உட்கார்ந்து பார்ப்பதுதான் நல்லது என்று சொல்லிவிட்டு, இரண்டாவது டிக்கெட்டை ஐனாவுக்கு விற்றுவிட்டாளாம்.

என்னிடம் சொல்லியிருந்தால் ரொக்கையாவுக்கும் 688இல் ஒன்று வாங்கியிருப்பேனே என்றேன். பின் இருக்கையிலிருந்து ரொக்கையாதான் மலாயில் பதில் சொன்னாள். அபாங் என்றால் அண்ணன்; மற்றதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "அபாங், அவங்க பாட்டுக்கு நான் எப்பவும் என் காசுலதான் குடுத்திருக்கேன். கேசட்டுல பாதின்னாலும் அது என் பாதி."

பிறகு, யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் குழு சிரம்பானுக்கு வந்திருக்கிறது. திடலில் கச்சேரி, டிக்கெட் எட்டு வெள்ளி. இரண்டு பேரும் வாங்கிவிட்டார்கள். சரோஜாவின் அப்பா விடவில்லை. ரொக்கையா மட்டும் போயிருக்கலாம். போகவில்லை. தொழிற்சாலை வாசலில் இரண்டு டிக்கெட்டையும் விற்றுவிட்டு, அந்தக் காசில் இவளை அழைத்துப் போய் ஒட்டுக்கடையில் மீ கோரேங் வாங்கிச் சாப்பிடக் கொடுத்தாளாம்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள். எனக்கு இந்தக் கதை தெரியாது. கண்ணாடியில் சரோஜாவைப் பார்த்தேன். செம்பனைத் தோட்டத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு நீலாய். பல்கலைக்கழகங்களைத் தாண்டி, புதுக் குடியிருப்புக்கு நடுவே ஒரு திறந்த அரங்கம். மூன்று பக்கம் படிப்படியாக இருக்கைகள், நாலாவது பக்கம் மேடை. அந்த இடம் முன்பு பால்மரக் காடு. அதில் நான் ரப்பர்ப் பால் எடுக்க மரம் சீவியிருக்கிறேன். அரங்கத்துக்குப் பின்னால் இன்னும் தோட்டம்தான், இப்போது செம்பனை. அதன் ஓரத்தைச் சுத்தம் செய்து, கயிறு கட்டி, கார் நிறுத்த இருபது வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தார் நம் ஆள் ஒருவர். மரத்தடியில் நிறுத்த இருபது வெள்ளியா, இந்த மரத்துக்கு உரம் ஏற்றி வந்ததே என் லாரிதான் என்று சண்டை பிடித்தேன். அவர் அசரவில்லை.

"உள்ள எத்தனைக்கு டிக்கெட் எடுத்தீங்கண்ணே?"

சொன்னேன்.

"அவனுக்கு அறுநூத்தி எம்பத்தெட்டு சிரிச்சிக்கிட்டே குடுப்பீங்க. எனக்கு இருவது வெள்ளின்னா மூஞ்சி சுருங்குதா லா."

இருபது வெள்ளியைக் கொடுத்தேன்.

அரங்கத்தின் பின்புறம் வழியாக நடந்தபோது மேடைச் சாமான் கொண்டுவந்த லாரிகளை எண்ணிப் பார்த்தேன். பழக்கம் விடுமா? பதினான்கு பெரிய லாரி. ஏற்றுகூலி, இறக்குகூலி, ஓட்டுநர் படி, எண்ணெய் எல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே டிக்கெட் விலை பகல் கொள்ளை என்று பேசுகிறவர்களோடு நான் முழுக்கச் சேரமாட்டேன். போதாததற்கு, இந்த நாலு பேரின் கேசட்டை ஒரு காலத்தில் இரவுச் சந்தையில் கள்ளப் பதிவாக இரண்டு வெள்ளிக்கு விற்றார்கள். அதில் இவர்கள் கைக்கு ஒரு காசும் வந்திருக்காது. இப்போது சேர்த்து வாங்குகிறார்கள் என்றுதான் ஆறரை மணிவரை நினைத்திருந்தேன்.

ஆறரைக்கு வாசலைத் திறந்தார்கள். மேல்மாடத்துக்கு இடப்பக்கம் நீள வரிசை; ரொக்கையாவும் ஐனாவும் அதில் போய் நின்றார்கள். ராக் ஸோனுக்கு வலப்பக்கம் தனி வழி. நான் முதலில் என் தாளைக் காட்டினேன். ஒரு பையன் என் வலது மணிக்கட்டில் சிவப்புப் பட்டை ஒன்றைச் சுற்றி இறுக்கி ஒட்டினான். கிழித்தால்தான் வரும். அதை ஆட்டிப் பார்த்துக்கொண்டே, எங்கள் நாற்காலி எந்த வரிசையில் என்று கேட்டேன்.

அவன் தமிழ்ப் பையன்தான். "நாற்காலி இல்ல அங்கள். ராக் ஸோன்ல எல்லாரும் நின்னுதான் பாப்பாங்க."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம். ஆடுவாங்க, குதிப்பாங்க. அதுக்குத்தான் அந்த இடம்."

ஆள் தெரியாமல் பேசுகிறான் என்று நினைத்துப் பெரியவரைக் கூப்பிடச் சொன்னேன். பெரியவர் வந்து அதையே ஆங்கிலத்தில் சொன்னார். 388இல் இடம் இருக்கிறதா என்றேன். எல்லாமே விற்றுத் தீர்ந்துவிட்டதாம். வெளியே கடையில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொண்டு வரட்டுமா என்றேன். கூடாதாம். அதிகம் கொடுத்தவனை நிற்க வைத்து, குறைவாகக் கொடுத்தவனை உட்கார வைக்கிற திருவிழாவை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன்.

சரோஜா மெதுவாகக் கேட்டாள். "என்னாங்க, நிக்கிறதுக்கா அறுநூத்தி எம்பத்தெட்டு வெள்ளி?"

அதில் கோபமில்லை. சிரிப்புக்கூட இருந்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவள் உடனே, பரவாயில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். முதல் லாரிக்குத் தவணை கட்ட முடியாதபோது, சங்கிலி எனக்குக் கனமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்த அதே குரல்.

அந்தப் பக்க வரிசையில் ரொக்கையா இரண்டு பேரை முன்னால் விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சரோஜாவின் முட்டியைப் பார்த்தாள். ஒரு தடவை இவளுக்காகத் தன் டிக்கெட்டை விற்றவள். இன்றைக்கு ஒரே அரங்கத்துக்குள் ஒருத்தி கீழே, ஒருத்தி மேலே. நடுவில் என் காசு நிற்கிறது. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. கேசட்டைப் பாதிப் பாதி போட்டு வாங்கினார்கள். டிக்கெட்டை அப்படி வாங்க முடியாது. நாலு விலை வைத்தவன், சேர்ந்து வந்தவர்களை நாலு இடத்துக்குப் பிரிக்கிறோம் என்று நினைத்துப் பார்த்திருக்கமாட்டான். நானும்தான் நினைக்கவில்லை.

சரோஜாவின் கையில் இன்னும் பட்டை ஒட்டவில்லை. அவள் தாளை வாங்கிக்கொண்டு போய் ஐனாவிடம் நீட்டினேன். உன் டிக்கெட்டை இவளுக்குக் கொடு, நீ முன்னால் போ என்றேன். அந்தப் பெண் ஓர் அடி பின்னால் போனாள். அவ்வளவு காசு தன்னிடம் இல்லை என்றாள்.

"காசு யார் கேட்டது? ரெண்டு டிக்கெட்டும் ஒரே பாட்டுக்குத்தான்" என்றேன் மலாயில்.

ஐனா ரொக்கையாவைப் பார்த்தாள். ரொக்கையா சரோஜாவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், மாற்றியாகிவிட்டது.

சரோஜா திரும்பி என் மணிக்கட்டைப் பார்த்தாள். "நீங்க?"

எனக்கு மேலே இருக்கை கிடையாது. பட்டையைக் கிழித்தால் கீழேயும் இடம் கிடையாது.

"காப்பு கட்டிட்டீங்க. திருவிழா முடியற வரைக்கும் எல்லையத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு என் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். நடுவில் போகவேண்டாம், ஓரமாக நில்லுங்கள், தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொன்னாள். நான் ஒன்றே ஒன்று சொன்னேன். உனக்குப் பிடித்த பாட்டு வரும்போது கைப்பேசி விளக்கைப் போட்டு ஆட்டு, நீ எங்கே இருக்கிறாய் என்று பார்த்துக்கொள்கிறேன். தலையை ஆட்டினாள். ஒரே சட்டை போட்ட இரண்டு பேரும் படியில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

எட்டரைக்குத் தொடங்கியது. இதுவரை போகாதவர்களுக்குச் சொல்கிறேன். ராக் ஸோன் என்பது இடுப்பளவு இரும்புத் தடுப்புப் போட்ட கொட்டடி. மாட்டுக் கொட்டகையில் இதைவிட இடம் இருக்கும். ஒலிபெருக்கி அடிப்பது காதில் விழாது, நெஞ்செலும்பில் விழும். என் லாரி என்ஜினைத் திறந்து வைத்து ஏறி மிதித்தாலும் அந்தச் சத்தம் வராது. ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஐனா என் முன்னால் கையை அகல விரித்து, குதிக்கிற பையன்கள் என் மேல் விழாமல் பார்த்துக்கொண்டாள். அவள் பிறப்பதற்கு வெகுநாள் முன்னால் வந்த பாட்டுகள். ஒரு வரி விடாமல் பாடினாள். எங்களுக்கு முன்னால் நின்ற நாலைந்து பெரிய மனிதர்கள் பாடவே இல்லை. கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு, தங்கள் முகமும் அதில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் என்னைப்போல நாற்காலியை எதிர்பார்த்து வந்தவர்களாக இருக்கலாம்.

பாடகருக்கு என் வயது இருக்கும். முன் தலையில் முடி இல்லை. பின்னால் மிச்சமிருந்ததை நீளமாக விட்டிருந்தார். கம்பியிலிருந்து பதினைந்தடி தூரம். மூச்சு வாங்குவது தெரிந்தது. ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் நடுவில் டிரம் மேடையில் உட்கார்ந்துகொண்டு, டிக்கெட் விலையைப் பற்றி ஏசுகிறீர்கள், எனக்கும் தெரியும் என்று ஏதோ சொன்னார். கூட்டம் சிரித்தது. உட்காருவதற்கு அவருக்கும் நாற்காலி தரவில்லை என்பதைக் கவனித்தேன்.

பிறகு மெதுவான பாட்டு ஒன்று வந்தது. கித்தாரை மட்டும் நாலைந்து முறை மீட்டினார்கள். நான் கம்பியை விட்டுவிட்டேன்.

அது எனக்குத் தெரிந்த ராகம். இட்லி மாவு கரைக்கும்போது, பேரனுக்குத் தொட்டில் ஆட்டும்போது, நான் விபத்தில் அடிபட்டுக் கிடந்த மாதத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சரோஜா வாயை மூடி முனகுகிற ராகம். ஏதோ பழைய தமிழ்ப் பாட்டு என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கேட்டதே இல்லை. மலாய்ச் சொற்களை அன்றுதான் கேட்டேன். பேருந்து நிலையத்தில் ஒருவன் காத்திருக்கிறான், வரவேண்டியவள் வரவில்லை, கடைசிப் பேருந்தும் போய்விட்டது. அவ்வளவுதான் பாட்டு. பாடகர் ஓர் இடத்தில் குரலை மேலே தூக்குகிறார். சரோஜா அந்த இடத்தில் இறக்குவாள். அவள் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேல்மாடத்தைப் பார்த்தேன். விளக்கு ஆட்டச் சொல்லியிருந்தேன் அல்லவா? எல்லோரும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். 98 வெள்ளி, 198 வெள்ளி, 388 வெள்ளி என்று பிரித்துப் பார்க்க முடியாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே வெளிச்சம். அதில் என் மனைவியின் விளக்கு எது? கூட்டத்தில் மேடையைப் பார்க்காமல் நின்றவன் நான் ஒருவன்தான். பாட்டு முடியும்வரை தேடினேன். பிறகு எல்லா விளக்குக்கும் சேர்த்து, சிவப்புப் பட்டை கட்டிய கையைத் தூக்கி ஆட்டினேன்.

கச்சேரி விட்டு வெளியே வரும்போது மலாய்ப் பிள்ளைகள் பெரியவர்களுக்குச் செய்வதுபோல ஐனா என் கையைப் பிடித்து முத்தமிட்டு நன்றி சொன்னாள். விலை நியாயமா என்று அவளிடம் கேட்டேன். தன்னால் கொடுத்திருக்க முடியாது என்று மட்டும் சொன்னாள். எனக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. பதினான்கு லாரிக்கு நியாயம். மூச்சு வாங்கிப் பாடிய கிழவருக்கு நியாயம். அந்த நாலு வெள்ளிச் சேவைக் கட்டணத்துக்கு எந்த நியாயமும் கிடையாது, எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். ஆனால் நாசி லெமாக் விற்றுச் சேர்த்த 98 வெள்ளியை என் 688 வெள்ளியோடு தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்பதை, சாமான் நிறுத்து ஏற்றியே வயசான எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும்போதும் பழைய சாலை. ரொக்கையாவையும் ஐனாவையும் மந்தினில் இறக்கிவிட்டோம். சரோஜா முன் இருக்கைக்கு மாறி உட்கார்ந்தாள். அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. மலை வளைவு தொடங்கியதும் கேட்டேன், விளக்கு ஆட்டச் சொன்னேனே, எந்தப் பக்கம் இருந்தாய், எவ்வளவு நேரம் தேடினேன் தெரியுமா என்று.

"நான் விளக்கு போடலிங்க" என்றாள்.

"ஏன்?"

"கை காலியா இல்ல. ஒரு கைய அவ புடிச்சிருந்தா. இன்னொரு கையால நான் அவளப் புடிச்சிருந்தேன்."

சீனன் லாரி கவிழ்ந்த வளைவு வந்தது. நான் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பால் ஏற்றிய லாரியை இறக்குவதுபோல, இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கினேன். பக்கத்தில் அவள் வாயை மூடி முனக ஆரம்பித்திருந்தாள்.